மாமாவின் மடிக்கணினிக்கு எந்தத் தேடுபொறி?

மாமா கூட்டுறவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம் புது மடிக்கணினி வாங்கினார். பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்த கையோடு எனக்குப் போன் செய்தார். "மாப்ள, நான் என்ன தேடுறேன்னு எவனுக்கும் தெரியக்கூடாது. ஆனா நான் தேடுறதெல்லாம் கெடைக்கணும். அந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடு."

அவருக்கு இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நகைக்கடன் வட்டி எங்கே குறைவு என்று கைப்பேசியில் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு தளம் கைப்பேசி எண்ணைக் கேட்டது, கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் தொடங்கிய அழைப்புகள் மூன்று வாரம் நிற்கவில்லை. அதில் ஒன்றை அத்தை எடுத்துவிட்டார். "என் நகைய எனக்குத் தெரியாம எங்க வைக்கப் போறீங்க?" என்று வீட்டில் நடந்த விசாரணை இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தக் கதையில் தேடுபொறியின் தவறு எதுவும் இல்லை. எண்ணைத் தட்டிக் கொடுத்தது மாமாவின் விரல். அதை அப்போதே சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. கூகுள், டக்டக்கோ, ஸ்டார்ட்பேஜ், பிரேவ் சர்ச் என்று நான்கு தேடுபொறிகளையும் இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். மாமா வழக்கமாகத் தேடுகிறவற்றையே நானும் தேடினேன்: கால் எரிச்சலுக்கு வைத்தியம், சித்தர் பாடல், பேருந்து நேரம், ஓய்வூதிய ஆணை, வட்டி விகிதம்.

முதலில், தேடுகிற சொல்லை யாராவது பார்த்தால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 6,50,000 பயனர்களின் மூன்று மாதத் தேடல்களை வெளியிட்டது. மொத்தம் ஏறக்குறைய 2 கோடித் தேடல்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு எண் கொடுத்திருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த ஆள் தேடிய ஊர்ப்பெயர், குடும்பப் பெயர், நாயின் சேட்டை, உடல் உபாதை எல்லாவற்றையும் கோத்து, சில நாட்களிலேயே ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இல்லை. தேடிய சொற்களே அவர் யார் என்று காட்டிக்கொடுத்துவிட்டன.

ஆகவே தேடுபொறியை ஒப்பிடும்போது நான் இரண்டே கேள்வி கேட்கிறேன். என் தேடல்களை ஒரே நூலில் கோத்து வைத்துக்கொள்கிறதா? நான் தேடியதைக் கண்டுபிடித்துத் தருகிறதா?

இரண்டாவது கேள்விக்குத் தமிழில் கூகுளை மிஞ்ச இன்னும் ஆள் இல்லை. 'பாத எரிச்சல்' என்று தட்டினாலும் 'கால் எரிச்சலுக்கு' என்று தட்டினாலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குக் கொண்டுபோகிறது. தமிழ்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்று, சந்தி சேர்ந்து, நாலைந்து வடிவம் எடுக்கும் என்பது அதற்கு ஓரளவு பழகியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். அதையும் புரிந்துகொள்கிறது. பக்கத்துத் தெரு மருந்துக்கடை திறந்திருக்கிறதா என்று சொல்லவும் அதன் வரைபடத்தை விட்டால் எனக்கு வேறு கதி தெரியவில்லை.

முதல் கேள்வியில்தான் உதைக்கிறது. கணக்கில் நுழைந்தபடி தேடினால் ஒவ்வொரு தேடலும் அந்தக் கணக்கின் பெயரில் சேர்கிறது. நுழையாமல் தேடினாலும் குக்கீ (தளம் நம் கணினியில் வைக்கும் அடையாளச் சீட்டு), இணைய முகவரி (நம் இணைப்பின் ஐபி எண்) ஆகியவற்றை வைத்துக் கோக்க முடியும். கூகுளைக் கொஞ்சம் கட்டிப்போடவும் வழி இருக்கிறது. கணக்கு அமைப்பில் இணையச் செயல்பாட்டைச் சேமிப்பதை நிறுத்தலாம். நிறுத்த மனமில்லை என்றால் 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று தானாக அழிய நாள் குறிக்கலாம். 2020 ஜூனிலிருந்து புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கு 18 மாதம் என்பதே இயல்பு அமைப்பு. மாமாவின் கணக்கு அதற்கு முந்தியது. திறந்து பார்த்தபோது, முட்டிவலி எண்ணெய் தொடங்கி பங்காளி வழக்கில் வாய்தா என்றால் என்ன என்பது வரை, அவரே மறந்துபோன பல வருடக் கேள்விகள் தேதி, மணியோடு வரிசையாக இருந்தன. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதெல்லாம் உங்க அத்தை பாத்தா?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. கூகுள் பார்ப்பது அவருக்கு இரண்டாம் பட்சம்!

டக்டக்கோவை எங்கள் வீட்டில் 'வாத்து' என்கிறோம், அதன் சின்னம் அப்படி. 2008இல் கேப்ரியல் வைன்பெர்க் அமெரிக்காவில் தொடங்கியது. யார் தேடினார்கள் என்று சேர்த்து வைப்பதில்லை என்பதுதான் அதன் வியாபாரமே. விளம்பரம் உண்டு, ஆனால் இப்போது தட்டிய சொல்லுக்கு மட்டும் ஏற்றது. நேற்றைய கேள்வி இன்றைய விளம்பரத்தில் எட்டிப் பார்க்காது. தேடல் முடிவுகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருகின்றன. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. 2022இல் அதன் உலாவி (குரோம் போலத் தளங்களைத் திறக்கும் செயலி), நாம் எங்கே போகிறோம் என்று கவனிக்கும் மைக்ரோசாஃப்டின் சில பின்தொடர் நிரல்களை மற்றத் தளங்களில் தடுக்காமல் விடுவதை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார். தேடல் ஒப்பந்தத்தின் நிபந்தனை என்று ஒப்புக்கொண்டார்கள், சில மாதத்தில் சரிசெய்தார்கள். மாட்டியது உலாவிதான், தேடுபொறி அல்ல. என்றாலும் தனியுரிமையை விற்கிற கடையிலேயே இப்படி என்றால் மனசு கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். 2020 ஜூலை தொடக்கத்தில் இந்தியாவில் பல இணைப்புகளில் சில நாள் இந்தத் தளம் திறக்கவே இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கதவை நம்பி இருக்கக்கூடாது.

தமிழில் வாத்து எப்படி? பொதுவான கேள்விக்குப் பரவாயில்லை. 'சர்க்கரை நோய் கால் பராமரிப்பு' என்று தெளிவாகக் கேட்டால் உருப்படியான பக்கங்கள் வருகின்றன. பேச்சுத்தமிழில், ஆங்கில எழுத்தில், எழுத்துப்பிழையோடு கேட்டால் தடுமாறுகிறது. உள்ளூர் விஷயத்தில் ரொம்பவே. அதற்கென்று ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: ஆச்சரியக்குறியும் ஆங்கிலத்து டபிள்யூ எழுத்தும் போட்டுத் தேடினால் நேராக விக்கிப்பீடியாவுக்குள் போகும். ஜி எழுத்தைப் போட்டால் கூகுளுக்கு. இரண்டாவதைப் பலர் கேடயம் என்று நினைக்கிறார்கள். அது கேடயம் இல்லை. உங்களைக் கூகுள் வாசலில் இறக்கிவிடும் ஆட்டோ, அவ்வளவுதான். இறங்கிய பிறகு நீங்கள் யார் என்று கூகுளுக்குத் தெரியும்.

கூகுளின் முடிவும் வேண்டும், முகமும் தெரியக்கூடாது என்பவர்களுக்கு நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ். நம் கேள்வியை வாங்கி, நம் இணைய முகவரியைக் கழற்றிவிட்டு, தன் பெயரில் கேட்டு வாங்கித் தருகிற தரகர் மாதிரி. முடிவுகளுக்குப் பக்கத்தில் 'அடையாளமில்லாப் பார்வை' என்ற பொருளில் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அந்தத் தளத்தையே இவர்கள் வழியாகப் பார்க்கலாம், போகிற தளத்துக்கும் நம் முகவரி தெரியாது. மருத்துவம், சட்டம் தேட எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. 2019இல் சிஸ்டம்1 என்ற அமெரிக்க விளம்பர நிறுவனத்தின் குழுமம் இதில் முதலீடு செய்தபோது தனியுரிமை ஆர்வலர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழில் கூகுளின் தரம் அப்படியே வந்துவிடாது. நம்மைத் தெரியாததால், நம் ஊரும் தெரியாது. திருச்சியில் உட்கார்ந்து 'பல் மருத்துவர்' என்று தேடினால் எந்த ஊர்ப் பல் என்று அதற்கு விளங்காது. ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

பிரேவ் சர்ச் 2021இல் வந்தது. மற்ற இரண்டும் இன்னொருவர் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது இது தன் கிணற்றைத் தானே வெட்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் பிங்கையும் விட்டுவிட்டு இணையப் பக்கங்களைத் தானே திரட்டிய சொந்தப் பட்டியலில் முழுக்க நிற்கிறது. கொள்கையாகப் பார்த்தால் நான்கில் எனக்கு மிகவும் மரியாதை இதன்மேல்தான். ஆனால் தமிழில் கிணறு இன்னும் ஆழமாகவில்லை. ஆங்கிலத்தில் மென்பொருள் சிக்கல் ஒன்றுக்கு அருமையாக விடை சொன்னது, சித்தர் பாடலைக் கேட்டபோது சுற்றி வளைத்தது. மாமாவுக்கு இது வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நிரல் எழுதுகிற என் தம்பிக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது. ஒப்பீட்டில் யாரும் சேர்ப்பதில்லை: தேடாமலே போவது.

மாமா தேடுவதில் பாதி, தமிழ் நூல்கள். அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் தேடுபொறியிடம் கேட்கவே வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் சித்தர் பாடல்கள் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஈழத்து நூல், இதழ், செய்தித்தாள் வேண்டுமென்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் தளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்களும் அரிய பழம்பதிப்புகளும் கிடைக்கின்றன. சொல்லுக்குப் பொருள் தேட, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவில் வருடி ஏற்றிய தமிழ்ப் புத்தகங்கள் மலைபோல் கிடக்கின்றன. இவை எதுவும் நம்மைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டிப் பிழைக்கும் இடங்கள் அல்ல.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எந்தத் தேடுபொறியாலும், கூகுளாலும்கூட, இந்தக் களஞ்சியங்களின் உள்ளே இருப்பதை முழுதாகக் காட்ட முடியாது. நூலகம் தளத்தில் இருப்பதில் பெரும்பகுதி பக்கங்களைப் படமாக வருடிய கோப்புகள். நூலின் பெயரும் ஆசிரியரும் பட்டியலில் தெரியும், உள்ளே இருக்கும் வரி தேடலில் சிக்காது. பழைய தளங்களில் எழுத்துரு என்கிற இன்னொரு தொல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய 'அம்மா', திரையில் நமக்கு அம்மாவாகத் தெரியும். தேடுபொறியின் கண்ணுக்கு அது நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும். மதுரைத் திட்டமே டிஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் இருந்து, இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடுக்குப் பிறகுதான் மாறியது. மாறாமலே நின்றுபோன தளங்கள் எத்தனையோ. ஆக, தமிழில் அரிய விஷயம் தேடுகிறவர் எப்படியும் களஞ்சியத்துக்குள்ளேயே போய் அதன் பட்டியலைப் புரட்டத்தான் வேண்டும். நாலு பேர் பார்க்காத வழியும் சரக்கு கிடைக்கிற வழியும் இங்கே ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. கிவிக்ஸ் என்ற மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கணினியில் இறக்கிவைத்துக்கொண்டால், இணையமே இல்லாமல் படிக்கலாம். அதில் என்ன பார்த்தோம் என்று மாமாவையும் மடிக்கணினியையும் தவிர யாருக்கும் தெரியாது.

செயற்கை நுண்ணறிவு அரட்டையிடம் கேட்டால் என்ன என்றும் மாமா கேட்டார். தேடலில் மூன்று சொல் கொடுக்கிற இடத்தில், அங்கே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். வயது, மருந்து, மகன் வேலை எல்லாம். பழைய தமிழ் நூலைக் கேட்டபோது இல்லாத நூலுக்கு இல்லாத பதிப்பகத்தையும் சேர்த்துச் சொன்ன அனுபவம் எனக்கு உண்டு. இப்போதைக்குப் போடவில்லை.

அடுத்து உலாவி. இதில் எனக்குக் குழப்பமே வரவில்லை, ஃபயர்ஃபாக்ஸ்தான். ஒரு தளம் வைக்கும் குக்கீயை அந்தத் தளத்தின் டப்பாவுக்குள்ளேயே பூட்டிவைக்கும் பாதுகாப்பை 2022 ஜூனில் எல்லோருக்கும் இயல்பாக்கினார்கள். குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீயை (நாம் திறந்த தளம் அல்லாமல் வேறொருவர் வைப்பது) இரண்டே வருடத்தில் ஒழிப்பதாக 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. தள்ளித் தள்ளிப் போட்டு 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தையும் பின்தொடர் நிரலையும் தடுக்கும் யூபிளாக் ஒரிஜின் என்ற இலவச நீட்சி குரோமில் இப்போது முழு வடிவில் ஓடாது. ஃபயர்ஃபாக்ஸில் ஓடும், ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடும். ஃபயர்ஃபாக்ஸின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம் என்பது தனி வேடிக்கை. நிறுவியவுடன் தேடுபொறியை நாமே மாற்றிவிட்டால் தீர்ந்தது.

பிரேவ் உலாவியும் நல்லதுதான், நிறுவியவுடனே விளம்பரத்தைத் தடுக்கிறது. ஆனால் 2020இல் கிரிப்டோ சந்தைத் தளங்களின் முகவரியைத் தட்டும்போது தன் தரகுக் குறியீட்டைத் தானாகச் சேர்த்து மாட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். இன்றும் அதில் கிரிப்டோ சமாசாரம் அங்கங்கே தலைகாட்டும். ஓய்வூதியக்காரரின் திரையில் அது எதற்கு?

'இன்காக்னிட்டோல தேடுனா போதும்னு பேரன் சொல்றானே' என்றார் மாமா. இன்காக்னிட்டோ என்பது உலாவியின் மறைவுச் சாளரம். அது அத்தையிடமிருந்து காப்பாற்றும், வெளியுலகத்திடமிருந்து காப்பாற்றாது. அந்தச் சாளரத்தை மூடினால் அந்தக் கணினியில் சுவடு இருக்காது, அவ்வளவே. போகிற தளத்திடமிருந்தும் இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்திடமிருந்தும் அது எதையும் மறைப்பதில்லை. இதைப் பலர் வேறுமாதிரி நம்பிவிட்டதால்தான் 2020இல் அமெரிக்காவில் கூகுள்மேல் வழக்கு வந்தது. 2024இல் சமரசமாகி, பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. மாமாவின் முதல் கவலை அத்தைதான் என்பதால், இது அவருக்கு உண்மையிலேயே பயன்படும் என்று சொல்லிவைத்தேன்.

நம் இணைப்பை இன்னொரு நிறுவனத்தின் கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் வேண்டுமா? யூடியூபில் பாதிப் பேர் அதைத்தான் விற்கிறார்கள். வங்கியும் பெரிய தளங்களும் இன்று பூட்டிய இணைப்பில்தான் இயங்குகின்றன. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இணைப்பு நிறுவனத்துக்குத் தெரியும், உள்ளே என்ன தட்டினோம் என்பது தெரியாது. விபிஎன் போட்டால் அந்தத் தெரிதல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுகிறது. இலவச விபிஎன் என்றால் அந்த இன்னொருவர் யார் என்றே தெரியாது. இந்தியாவில் இன்னொரு சிக்கல்: 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டு விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. பேருந்து நிலைய வைஃபையில் வேலை செய்பவருக்குக் காசு கொடுத்து வாங்கும் விபிஎன் ஒரு பயன். வீட்டில் உட்கார்ந்து சித்தர் பாடல் படிப்பவருக்குத் தண்டச் செலவு.

டோர் உலாவி மூன்று இடைநிலைக் கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி நம் முகவரியை மறைப்பது. செய்தியாளருக்கும், தகவலை வெளியிட்டால் ஆபத்து என்றிருப்பவருக்கும் அது உயிர் காக்கும். மாமாவிடம் அதைக் கொடுத்தால் வங்கித் தளம் சந்தேகப்பட்டுக் கணக்கை முடக்கிவிடும், என் உயிர் போகும்.

கடைசியில் போட்டது இது. ஃபயர்ஃபாக்ஸ், அதில் யூபிளாக் ஒரிஜின். இயல்பான தேடுபொறி வாத்து. புத்தகக்குறிப் பட்டையில் மதுரைத் திட்டம், நூலகம், மின்னூலகம், லெக்சிகன், ஆர்கைவ் என்று ஐந்து பொத்தான். அவற்றுக்குப் பக்கத்தில் மருந்து, வழக்கு, பணம் தேட ஸ்டார்ட்பேஜ். கூகுள் கணக்கில் பழைய செயல்பாட்டையெல்லாம் அழித்து, இனிமேல் 3 மாதத்தில் தானாக அழியும்படி வைத்தேன். கைப்பேசி எண் கேட்கும் எந்தப் பெட்டியிலும் தட்டுவதற்கு முன் என்னைக் கேட்கச் சொன்னேன். நகைக்கடன் விவகாரத்தில் தேடுபொறி எதுவும் செய்திருக்க முடியாது என்பதையும் அப்போதுதான் மெதுவாகச் சொன்னேன். பதில் சொல்லாமல் காபி குடித்தார்.

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பட்டையில் ஏழாவதாக ஒரு பொத்தான். கூகுள். தானே போட்டிருக்கிறார்.

"மாப்ள, சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பஸ்ஸு எத்தன மணிக்குன்னு வாத்துக்குத் தெரியல. அதக் கூகுள்ட்ட கேட்டுக்குறேன். நான் பஸ்ஸுல போறது ஊருக்கே தெரியும். கால் எரிச்சல மட்டும் அந்த டச்சுக்காரன்ட்ட கேக்குறேன்."

நான் போட்டுக் கொடுத்த அமைப்பில் எதையும் மாற்றாமல் மூடிவைத்தேன். அந்த ஏழாவது பொத்தானையும் சேர்த்துத்தான்.